பெரட்டு மணிக்கு ஒன்பதாயிரம்

காபி மூட்டை ஏற்றிய பழைய மொபெட் ஒன்று வெள்ளக்கடை ஏற்றத்தில் திணறிக்கொண்டே வந்து சின்னத்தம்பியின் பட்டறை முன்னால் நின்றது. சின்னத்தம்பி பல் துலக்கிக்கொண்டிருந்தான். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொன்னுவேலுங்களா? சைலன்சர்ல கரி அடச்சிருக்குதுங்க. கழட்டிச் சுட்டாச் சரியாப் போயிரும்," என்றான் வாயில் நுரையோடு.

மொபெட்டை விட்டு இறங்கிய விவசாயி பொன்னுவேல் சிரித்தார். "ஏனுங்க, வண்டியப் பாக்காமயே வைத்தியம் சொல்றீங்களே!"

"பொண்ணா பாக்கறோம்? காதுல உளுந்தாப் போதுமுங்க."

இது வாய்ச்சவடால் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் சின்னத்தம்பிக்கு அப்படி ஒரு காது. அடிவாரத்திலிருந்து ஒண்டிக்கடை வரைக்கும், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கேட்டுப் பாருங்கள், எவருடைய வண்டி மக்கர் பண்ணினாலும் "வெள்ளக்கடை சின்னத்தம்பிகிட்ட விடு" என்றுதான் சொல்வார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, நான்கு தகரத்தை மடக்கி நிறுத்திப் பட்டறை போட்டவன். பேருக்குக் குறைச்சல் இல்லை. அந்தப் பேரை எழுதி மாட்ட ஒரு பலகை இல்லையே என்பதுதான் அவனுடைய ஒரே குறை. அதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவி வனிதாவிடம் மட்டும் மாதம் ஒருமுறை சொல்வான்.

காதைப் போலவே அவனுடைய குரலும் பேர்போனது. லைன் மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பி முடிந்ததும் சாமி கும்பத்தில் இருந்த எலுமிச்சம்பழம், தேங்காய், வெல்லம் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஐந்து ரூபாய்ப் பழத்தை ஐந்து ரூபாய்க்கு அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். காசு அம்மனுக்குப் போகிறது, குறைத்துக் கேட்டால் வெட்கக்கேடு. கேட்ட தொகையை அடுத்த நோம்பிக்குள் கட்டினால் போதும். கட்டாமல் விட்டவர் என்று லைனில் இதுவரை ஒருவரும் இல்லை. போன நோம்பியில் மார்பைத் தட்டிக்கொண்டு, ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பதினோராயிரத்துக்கு எடுத்தவன் சின்னத்தம்பி. அந்தச் சத்தம் பக்கத்து எஸ்டேட் வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். சொல்பவன் பெரும்பாலும் அவனேதான்.

அன்று மொபெட் வேலை முடிவதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஜீவானந்தம். சேலத்தில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். மலையில் எந்த பங்களாவில் எந்த நாற்காலியின் கால் ஆடுகிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். பழைய மோட்டார் சைக்கிள், பித்தளை விளக்கு, தேக்குக் கட்டில் என்று எதுவானாலும் ஏலத்தில் எடுத்து, துடைத்து மெருகேற்றி, வெளியூர்ப் பணக்காரர்களுக்கு விற்பார். ஆறு வருடமாக அவர் எடுக்கும் வண்டிகளையெல்லாம் ஓட வைத்துக் கொடுப்பது சின்னத்தம்பிதான்.

"ஞாயித்துக்கெழம ஆரஞ்சுமேடு பங்களா ஏலம். தெரியுமில்ல?" என்றார் ஜீவானந்தம்.

"தெரியாம இருக்குமுங்களா? அந்த ஊட்டு வண்டிய மாசம் ஒருக்கா தொடச்சு ஓட்டி வெக்கறவனே நாந்தானுங்க."

ஆரஞ்சுமேடு எஸ்டேட்டின் முதலாளி அற்புதம் அம்மா அந்த வருடம் தை மாதம் காலமாகியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அப்பா 1952-ல் வாங்கிய சைடுகார் வைத்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று பங்களா கொட்டகையில் நின்றது. வயது இருந்தவரை அம்மாவே அதை ஓட்டினார். லைனில் யாருக்குப் பிரசவ வலி, யாரைப் பாம்பு கடித்தது என்று சேதி வந்தாலும், சைடுகாரில் உட்காரவைத்துக்கொண்டு மலையிறங்கிவிடுவார். சின்னத்தம்பியின் அக்கா வேலம்மாள் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோதும் அதில்தான் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த அம்மா உயில் எழுதி வைத்திருந்தார். எஸ்டேட் உறவினர்களுக்கு, பங்களா சாமான்கள் முழுவதும் ஏலத்துக்கு. ஏலப் பணம் அத்தனையும் லைன் பிள்ளைகளின் பால்வாடிக்கு. மழைக்காலத்தில் ஒழுகும் அந்தப் பால்வாடியை இடித்துக் கட்ட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை.

ஜீவானந்தம் குரலைத் தாழ்த்தினார். "அந்த வண்டி ஓடுச்சுன்னா வெல எங்கியோ போயிரும். ஓடலைன்னு வெச்சுக்க, பழைய இரும்பு. நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம் சின்னத்தம்பி. ஒரு சின்ன சாமானக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்க. கேட்டா வாயத் தொறக்காத. ஏலம் முடிஞ்சதும் மாட்டிக்கலாம். லைன் ஆளுங்ககிட்டயும் சொல்லிரு, இது வியாபாரிங்க சமாச்சாரம், வேடிக்கை பாத்துட்டுப் போகட்டும்னு."

ஒரு கவரை நீட்டினார். பத்தாயிரம். சின்னத்தம்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

ஜீவானந்தம் அவசரப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். விசிட்டிங் கார்டுகள். வழவழப்பான வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து: *சின்னத்தம்பி, பழைய மோட்டார் சைக்கிள் நிபுணர், அடிவாரம், சேலம்.*

"அடிவாரத்துல ஷெட் பாத்தாச்சு. போர்டு எழுத ஆளும் சொல்லியாச்சு. இனிமே நீ தகரக் கொட்டாய் மெக்கானிக் இல்ல."

சின்னத்தம்பி தன் பெயரை மூன்று முறை படித்தான். கவரை வாங்கும்போது கை கூசியது. அட்டைகளை வாங்கும்போது கூசவில்லை. ஒரு மனிதனைப் பணத்தைக் காட்டிப் பிடிப்பதைவிட அவனுடைய பெருமையைக் காட்டிப் பிடிப்பது சுலபம் என்பதை ஜீவானந்தம் தன் தொழிலில் நன்றாகவே கற்றிருந்தார்.

வீட்டில் வனிதா அட்டையைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். பிறகு கவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்கு என்ன வேல செய்யச் சொன்னாருங்க?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதான் சொன்னாரு."

"ஒண்ணும் செய்யாததுக்குப் பத்தாயிரமா? ஒரு மாசம் குனிஞ்சு நிமுந்து காப்பிப் பழம் பறிச்சாத்தான் எனக்கு அது வருது. சும்மா இருக்கறதுக்கு யாருங்க காசு தருவாங்க?"

"உனக்கு யாவாரம் புரியாது," என்று சொல்லிவிட்டு அவன் படுத்துக்கொண்டான். புரியாதது அவளுக்கு இல்லை என்பது அவனுக்கே தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அடிவாரத்தில் பெரிய போர்டு ஒன்று தெரிந்தது. மனசாட்சி எதையோ சொல்ல வந்து, போர்டில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை காலை ஆரஞ்சுமேடு போனான். கொட்டகைச் சாவி அவனிடம்தான் இருந்தது. அற்புதம் அம்மா கொடுத்த சாவி. வண்டியின் மேக்னட்டோ மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பாயிண்டை எடுத்தான். நகத்தளவு சின்ன இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால் பிளக்கில் பொறி வராது, பொறி வராவிட்டால் எந்த ராஜா வண்டியும் கிளம்பாது. சாமானைக் கர்ச்சீப்பில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். போகிற வழியில் லைனில், "நாளைக்கு வேடிக்கை பாருங்க, அவ்வளவுதான். அதெல்லாம் பெரிய ஆளுங்க யாவாரம்," என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டும் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகுவதற்குள் பங்களாப் புல்வெளி நிறைந்துவிட்டது. வெளியூர்க் கார்கள் சில்வர் ஓக் மரங்களின் கீழே வரிசையாக நின்றன. ஏலத்தை நடத்தியவர் வக்கீல் சிவக்குமார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவருடையது. நேர்மையானவர், ஆனால் பழம்பொருள் விலை தெரியாதவர். விதிமுறைகளை அவர் வாசித்தபோது லைன்காரர்கள் வேலி ஓரத்தில்தான் நின்றார்கள். அது தங்களுக்கான பேச்சு இல்லை என்று இருந்துவிட்டார்கள். சின்னத்தம்பி அப்படித்தானே சொல்லியிருந்தான்!

ஏலம் வேகமாகப் போனது. தேக்கு பீரோவுக்கு ஜீவானந்தம் ஒரு விலை சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இளம் வியாபாரி தினேஷ் நூறு ரூபாய் கூட்டினான். இன்னொருவர் இன்னொரு நூறு. அத்தோடு அமைதி. பார்ப்பவர்களுக்குப் போட்டிபோல இருக்கும். யார் எதை எடுப்பது என்பதெல்லாம் காலையில் ஒண்டிக்கடை டீக்கடையில் உட்கார்ந்து அவர்கள் பேசி முடித்த விஷயம். பத்துக்குப் போக வேண்டியது இரண்டுக்குப் போனது. ஒவ்வொரு பொருள் கைமாறும்போதும் ஒழுகும் பால்வாடிக் கூரையிலிருந்து ஒரு ஓடு கழன்று போகிறது என்பது அங்கே சின்னத்தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் பூவரச மரத்தடியில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு பெரிய வெண்கல மணியை இரண்டு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். பெரட்டு மணி. காலையில் அதை அடித்தால்தான் ஆட்கள் களத்தில் கூடி நிற்பார்கள், கணக்கெழுதும் ரைட்டர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்து அனுப்புவார். வேலம்மாள் முப்பது வருடம் அந்தச் சத்தத்துக்கு எழுந்தவள்.

"ஆயிரத்து ஐநூறு," என்றார் ஜீவானந்தம்.

"ஆயிரத்து அறுநூறு," என்றான் தினேஷ்.

சிவக்குமார் ஒரு தரம் சொல்ல வாயெடுத்தார்.

"ரெண்டாயிரமுங்க!"

வேலி ஓரத்திலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள். கூடையை இடுப்பில் வைத்தபடி வேலம்மாள் கையைத் தூக்கியிருந்தாள். ஜீவானந்தத்தின் முகம் சுருங்கியது. கூலிக்காரப் பொம்பளை, பயந்து அடங்கிவிடுவாள் என்று மூவாயிரம் என்றார். அவள் நாலாயிரம் என்றாள். அவர் ஆறு என்றார், அவள் ஏழு என்றாள். அவர் எட்டாயிரத்து ஐநூறு என்று பல்லைக் கடித்தார்.

"ஒம்பதாயிரம்!" என்றாள் வேலம்மாள். வேலி ஓரத்தில் கைதட்டல் எழுந்தது. நோம்பி ஏலத்தில் எழுவது போலவே.

மூன்று தரம் சொல்லி முடித்த சிவக்குமார் மரியாதையாகவே கேட்டார். "பணம் கொண்டாந்திருக்கீங்களா அம்மா?"

"அடுத்த நோம்பிக்குள்ள கட்டீர்றேனுங்க சாமி."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி வரிசையில் சிரிப்பு வெடித்தது. தினேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "காசு இல்லாமக் கையத் தூக்க இதென்ன கோயிலா?"

வேலம்மாள் முகம் செத்துவிட்டது. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடையின் மேல் வைத்தாள். "நம்ம புள்ளைங்களுக்குப் போற காசுன்னு சொன்னாங்க. அப்படின்னா அதுவும் கோயில் ஏலம் மாதிரித்தான்னு நெனச்சுப்போட்டேனுங்க. கொறச்சு எடுத்தாப் பாவமில்லீங்களா? தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க." பிறகு கூட்டத்தில் கண்ணால் துழாவித் தம்பியைக் கண்டுபிடித்தாள். "கண்ணு, நீயாச்சும் சொல்லேன். உனக்குத்தான் ஏலமெல்லாம் தெரியுமே. நான் கட்டாமப் போயிருவனா?"

சின்னத்தம்பி வாயைத் திறக்கவில்லை. ஜீவானந்தம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்துக்கு மார்பைத் தட்டிய மனிதன், கூடப் பிறந்தவள் சபையில் தலைகுனிந்து நிற்கும்போது செருப்பைப் பார்த்தான்.

"மணியைக் கடைசியா மறுபடியும் ஏலம் விடுவோம். இன்னைக்கே பணம் கட்டணும், அதான் விதி," என்றார் சிவக்குமார். வேலம்மாள் வேலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சிரிப்பு மெதுவாக அடங்கியது.

அடுத்து வண்டி. கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கறுப்பு டாங்க் வெயிலில் பளபளத்தது. துடைத்தது அவன்தானே.

"சின்னத்தம்பி, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுப்பா," என்றார் வக்கீல்.

அவன் போய் மூன்று முறை உதைத்தான். கிளம்பாது என்று தெரிந்தே உதைத்தான். முப்பது வருடத் தொழிலில் வராத வேர்வை அந்த மூன்று உதையில் வந்தது.

"என்னப்பா இது? பத்து நாள் முந்தி நான் வந்தப்ப நல்லா ஓடுச்சே. இஞ்சின் போயிருச்சா?"

இந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் பத்தாயிரம். நின்றான். காலியாகக் கிடந்த சைடுகார் சீட்டை அவன் பார்க்காமல் இருக்க முயன்றான். அதில் உட்கார்ந்து போனவர்கள் அத்தனை பேரும் வேலி ஓரத்தில் நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்தம்பியே உதைத்தும் கிளம்பவில்லை என்றால் வண்டிக்கு உயிர் போய்விட்டது என்றே அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"பதினஞ்சாயிரம்," என்றார் ஜீவானந்தம்.

"பதினஞ்சாயிரத்து ஐநூறு."

"பதினாறு."

"பதினாறாயிரம் ஒரு தரம்," என்றார் சிவக்குமார். "பதினாறாயிரம் ரெண்டு தரம்..."

"நிறுத்துங்க!"

நோம்பிக் குரல். புல்வெளியின் அந்தக் கோடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட டம்ளரைக் கைநழுவ விட்டுவிட்டார்.

சின்னத்தம்பி முன்னால் வந்தான். பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து வக்கீலின் மேசைமேல் பிரித்து வைத்தான். "வண்டிக்கு ஒண்ணுமே ஆகலீங்க. இந்தச் சாமானக் கழட்டுனது நாந்தான். வெல ஏறக் கூடாதுன்னு கழட்டச் சொன்னாங்க, கழட்டுனேன். கொட்டாய்ச் சாவிய நம்பிக் குடுத்த அம்மாவுக்குத் துரோகம் பண்ணீட்டேனுங்க. இது அதுக்கு வாங்குன காசு." கவரைச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்தான். "போலீசுல சொல்றதானாலும் சொல்லுங்க. ஆனா என்ற அக்காளப் பாத்துச் சிரிச்சீங்களே, அவ தெரியாமக் கேட்டா. நான் தெரிஞ்சே வாய மூடிட்டு நின்னேன். சிரிக்கறதுன்னா என்னையப் பாத்துச் சிரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. வனிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபமும் இருந்தது, கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது.

சிவக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ செஞ்சது குற்றம்தான் சின்னத்தம்பி. அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

சின்னத்தம்பி முட்டி போட்டு உட்கார்ந்தான். பாயிண்டை அதன் இடத்தில் வைத்து முடுக்கினான். இரண்டு முனைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி சரியாக இருக்க வேண்டும். பட்டறையில் அளவு பார்க்கத் தகடு வைத்திருப்பான், கையில் இல்லை. சட்டைப் பையைத் தடவினான். விசிட்டிங் கார்டு தட்டுப்பட்டது. நல்ல கெட்டி அட்டை, கணக்காக அதே கனம். தன் பெயரும் நிபுணர் பட்டமும் அச்சடித்த அந்த அட்டையை முனைகளுக்கு நடுவே செருகி, உரசிப் பார்த்து, திருகை இறுக்கிவிட்டு உருவினான். கறுப்புக் கறையோடு வந்த அட்டையை மறுபடியும் பையில் போட்டுக்கொண்டான்.

பெட்ரோல் குழாயைத் திறந்தான். கார்புரேட்டரின் குமிழை அழுத்திப் பெட்ரோல் சொட்டும்வரை காத்திருந்தான். கிக்கரை மெல்ல மிதித்து, இறுக்கம் தட்டும் இடத்தைப் பிடித்தான். ஒரே உதை.

வண்டி பேசியது. டக், டக், டக் என்று நிதானமான, கனத்த சத்தம். எழுபது வருடத்துக்கு மேலான இன்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. வேலி ஓரத்தில் நின்றவர்கள் தாங்களாகவே வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். "நம்ம அம்மா வண்டி!" என்று யாரோ கத்தினார்கள். பொன்னுவேல் பக்கத்தில் நின்றவரிடம், "வேற எவனாலயாச்சும் இப்படி ஓட்ட முடியுமா?" என்று கேட்டார். சின்னத்தம்பிக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இன்ஜின் சத்தம் கேட்டதும் டீக்கடை ஒப்பந்தம் அங்கேயே முறிந்துபோனது. தினேஷுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "எழுபதாயிரம்!" என்றான். "டேய், பேச்சு என்ன?" என்று சீறினார் ஜீவானந்தம். பிறகு அவரே, "ஒரு லட்சம்!" என்றார். திருட்டுத்தனமாகச் சேர்ந்தவர்கள் பிரிவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. விலை படியேறியது. சிவக்குமாருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு வண்டி தினேஷுக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த சாமான்கள் ஒன்றுகூட அடிமாட்டு விலைக்குப் போகவில்லை.

எல்லாம் முடிந்து மணி மட்டும் மிஞ்சியது. சிவக்குமார் ஆயிரத்து ஐநூறில் ஆரம்பித்தார். எதிர்த்துக் கேட்க வியாபாரிகள் யாரும் வாய் திறக்கவில்லை. வேலம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஒம்பதாயிரமுங்க."

"எதிர்த்துக் கேக்க ஆளில்லை அம்மா. ஆயிரத்து ஐநூறுக்கே எடுத்துக்கலாம்."

"காலைல ஒம்பதாயிரம்னு சொன்னேனுங்களே. என்ற வாயில வந்த சொல்ல நானே கொறச்சுக் கேக்கலாமுங்களா? புள்ளைங்க காசுங்க." அவள் லைன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கே கட்டோணும்னா கட்டறேன். எங்க ஆளுங்க இருக்கறாங்க."

லைன் ஆட்கள் போனை எடுத்தார்கள். பணம் கட்டுவதற்காக மேசையில் ஒட்டியிருந்த கியூ.ஆர். கட்டத்தைப் படம் பிடித்து நூறு, இருநூறு என்று அனுப்ப ஆரம்பித்தார்கள். சிக்னல் கிடைக்காதவர்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். வனிதா மடியில் முடிந்திருந்த ஆயிரத்தை அவிழ்த்து வைத்தாள். அது அவளுடைய காபிக் காசு. சின்னத்தம்பியும் பொன்னுவேலிடம் வாங்கிய சைலன்சர் கூலியை வைத்தான். பத்தாயிரம் இருந்த கவர் பக்கத்திலேயே கிடந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. ஒன்பதாயிரமும் சேர்ந்ததும் சிவக்குமார் எழுந்து நின்றுதான் மூன்றாவது தரம் சொன்னார். மணி புதுப் பால்வாடி வாசலில் தொங்கப்போகிறது என்று வேலம்மாள் அறிவித்தாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாற்காலி வரிசையில் தினேஷ்கூடக் கைதட்டினான்.

மணியைப் பொன்னுவேலின் மொபெட்டில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஜீவானந்தம் மேசையில் கிடந்த கவரை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் வந்தார்.

"உன்ன என்ன திருடச் சொன்னனா? சும்மா இருக்கத்தானே சொன்னேன்? அடிவாரம், ஷெட்டு, போர்டு எல்லாம் போச்சு. வாழத் தெரியாதவன்டா நீ."

சின்னத்தம்பி பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தான். அவன் பெயருக்கு மேலே பாயிண்ட் பதித்த கறுப்புக் கோடு தெளிவாக விழுந்திருந்தது.

"இத நானே வெச்சுக்கறேனுங்க. பட்டறையில ஒட்டி வெப்பேன். பேசறதுக்கு வாங்குனாத்தான் லஞ்சம்னு இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேனுங்க. பேச வேண்டிய எடத்துல வாய மூடிக்கறதுக்கு வாங்கறதும் லஞ்சந்தான். அது நம்ம ஊட்டுக்குப் பத்தாயிரம் கொண்டாரும். ஊர்ப் புள்ளைங்க தலைக்கு மேல இருக்கற கூரையப் பிரிச்சுத்தான் கொண்டாரும். போர்டு இல்லாமப் போனாப் போகட்டுங்க. என்ற பேரு போகாது."

இறக்கத்தில் மொபெட் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த வேலம்மாள், தம்பி பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, மணியை ஓங்கி ஒருமுறை அடித்தாள்.